தீவுக்காரனுக்கு விற்கக்கூடாத சரக்கு

பாறசாலையில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய காலத்தில், எங்கள் முக்குக்கு வரும் ஆங்கிலக் காகிதம் எதுவும் என் மேசையைத் தொடாமல் போனதில்லை. கல்ஃப் விசா, பாஸ்போர்ட் ஃபாரம், அமரவிளை செக்போஸ்டில் லாரிக்காரர்கள் காட்ட வேண்டிய டிக்ளரேஷன், எல்லாவற்றையும் நான்தான் வாசித்தும் நிரப்பியும் கொடுப்பேன். சீல் அசலா போலியா என்று கேட்டுத் தக்கலையிலிருந்துகூட ஆள் வரும். மையின் விளிம்பைப் பார்த்தே அந்த ரப்பர் ஸ்டாம்பை எந்த ஊரில் வெட்டினார்கள் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டது நான்தான். முதலில் ஊர் நம்பியது, பிறகு நானும் நம்பினேன். ‘சாரே, சாரே’ என்று கூப்பிட்டே என்னைக் கெடுத்தார்கள்.

கேரளத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் சைக்கிள் மிதித்தால் தமிழ்நாடு. எல்லைக்கல் ஒரு மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் நிற்கும், ஆடு கட்ட வசதியாக. எல்லையில் பிறந்தவனுக்கு என்று தனியாக ஒரு படிப்பு உண்டு. ஸ்கூட்டரை எங்கே பதிந்தால் வரி குறையும், அரிசி எந்தப் பக்கம் மலிவு, அடிதடி செய்துவிட்டு எந்தத் திசையில் ஓட வேண்டும், இவையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். வீட்டுக்கு இரண்டு ரேஷன் கார்டு வைத்திருந்தவர்கள் அதை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. இந்தப் பக்கம் ஒன்று கூடாது என்று சட்டம் வந்தால் நாங்கள் சர்க்காரைத் திட்டமாட்டோம், கல்லைத் தாண்டிப் போய் அதைச் செய்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவோம். இரண்டு சர்க்காரும் முட்டாள்கள், நடுவில் நாங்கள் மட்டும் புத்திசாலிகள் என்ற எண்ணம் ஊர் முழுக்க இருந்தது. என்னிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

என் அக்கா சவுதியில் நர்ஸ். என்னைவிட எட்டு வயது மூத்தவள். அத்தான் லாரி மோதி இறந்த மறுவருடம், மூன்று வயது மகளை என் மனைவியின் இடுப்பில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. பிள்ளை என் மனைவியை ‘அம்மா’ என்றும் பெற்றவளை ‘கல்ஃப் அம்மா’ என்றும் கூப்பிட்டு வளர்ந்தது. அக்கா லீவில் வந்தால் முதல் ஒரு வாரம் பிள்ளை அவளிடம் விருந்தாளியிடம் பேசுவதுபோல அளந்து பேசும். கொஞ்சம் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும்போது லீவு முடிந்திருக்கும்.

ஆகவே அக்கா ஒரு பணம் சேர்த்துவந்தாள். எங்கள் வீட்டில் அதற்கு ‘திரும்பி வாற பணம்’ என்றே பெயர். நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரி ரோட்டில் ஓர் அறை அளவில் ஒரு கடைமுறி வாங்கி, ரத்தம், சர்க்கரை பரிசோதிக்கும் சின்ன லேப் ஒன்று வைக்க வேண்டும். பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகும்முன் வந்து சேர வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. பணம் நெய்யாற்றின்கரையில் ஒரு பேங்கில் கிடந்தது, எடுக்கவும் போடவும் எனக்கு முக்தியார் எழுதிக் கொடுத்திருந்தாள். இன்னும் இரண்டு வருடம் வேலை பார்த்தால் போதும் என்று அவளே கணக்குப் போட்டிருந்தாள். அந்த இரண்டை ஒன்றாக்கித் தருகிறேன் என்று கிளம்பியவன் நான்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. பாறசாலைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவே, வாழைக்குலைக் கடை ஒன்றின் மாடியில் டாலர் கம்பெனி வந்தது. அறை முழுக்கக் கம்பளம், ஜன்னலில் ஏ.சி., வரிசையாக நாலு கம்ப்யூட்டர், அவற்றில் பச்சை எழுத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். மேனேஜர் முப்பது வயதுக்காரன், கொச்சியிலிருந்து வருவதாகச் சொன்னான். எங்கள் வெயிலில் கழுத்தில் டை கட்டிய ஒருவனை நாங்கள் அதற்குமுன் கல்யாண வீட்டில் மட்டும்தான் பார்த்திருந்தோம். திறப்புவிழாவுக்கு முதல் அழைப்பு எனக்கு வந்தது. என் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன். ஊரில் எல்லாரும் யாரிடம் போய்க் கேட்பார்கள் என்று அவன் விசாரித்து வைத்திருந்தான், விஷயம் அவ்வளவுதான்.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு லைசென்ஸ் தொங்கியது. உள்ளங்கை அகலத்தில் தங்கநிற முத்திரை, அதற்குக் கீழே சிவப்பு ரிப்பன். ஏதோ ஒரு கடலில் இருக்கும் ஒரு தீவு நாட்டின் நிதிச் சேவைக் கமிஷன் கொடுத்தது. அந்த நாட்டின் பெயர் அன்றும் என் வாயில் சரியாக நுழையவில்லை, இன்றும் நுழைவதில்லை. பக்கத்து வீட்டு அண்ணன், பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர், என் தோளைத் தட்டினார்.

“சாரே, இதில என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லும்.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன், வரிக்கு வரி தமிழில் சொன்னேன். இந்தக் கம்பெனி இத்தீவின் சட்டப்படி பதிவு பெற்றது. சர்வதேச நிதித் தொழிலில் ஈடுபடலாம். இத்தீவில் வசிப்பவர் எவரோடும் எந்தத் தொழிலும் செய்யக் கூடாது.

டிரைவர் அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். “அதென்ன சாரே, அவனுக்க ஆளுகளுக்கே விக்கப்பிடாதுன்னு எழுதி வச்சிருக்கான்?”

நாற்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர் கேட்ட அந்தக் கேள்வி ஒன்று போதும், அத்தனை பேரும் வாழைக்குலைக் கடைக்கு இறங்கி அவரவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அங்கே நான் இருந்தேன்.

“அண்ணே, பூவாறு றாலு நமக்குக் கிடைக்குதா?” என்றேன். “நல்லது மொத்தமும் ஐசு போட்டு வெளிநாட்டுக்குப் போவு. நமக்கு மிஞ்சினதாக்கும். முந்திரிப் பருப்பு? முழுசு அங்கோட்டு, உடைசல் இங்கோட்டு. எந்த நாட்டுக்காரனும் முதல் ரகத்த சொந்தக்காரனுக்கு விக்கமாட்டான். இதும் அதுபோல ஏத்துமதி ரகமாக்கும்.”

கூட்டம் தலையாட்டியது. இறாலை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தலையை மட்டும் குழம்பு வைத்துப் பழகிய ஊர் வேறெப்படி ஆட்டும்? மேனேஜர் என்னைப் பார்த்தான். தான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதிலைவிட என்னுடையது நன்றாக இருந்தது அவனுக்கே ஆச்சரியம். அடுத்த வாரம் காட்டாக்கடையில் கூட்டம் போட்டபோது இதே றால் கதையை அவன் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

யாரோ பின்னாலிருந்து, இங்கத்த சர்க்கார் வந்து பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். மேனேஜர் சிரித்தான்.

“பேடிக்கண்டா. லைசென்ஸ் இவிடத்தெ அல்லல்லோ!”

பயப்பட வேண்டாமாம், லைசென்ஸ் இந்த ஊருடையது இல்லையாம். வேறு ஊரில் இதைச் சொல்லியிருந்தால் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்திருப்பார்கள். எங்களுக்கோ அதுதான் தேனாக இருந்தது. இங்கே உள்ளவன் தொட முடியாது என்றால் நல்ல சரக்கு, பாதுகாப்பான சரக்கு. ஆயுள் முழுக்க நாங்கள் கல்லைத் தாண்டிச் செய்துகொண்டிருந்ததை இவன் கடலைத் தாண்டிச் செய்கிறான், ஆள் நம்ம ஆள்தான் என்று முடிவுசெய்தோம். கல்லுக்கு எந்தப் பக்கம் நாங்கள் நிற்கிறோம், எந்தப் பக்கம் அவன் நிற்கிறான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

தொழில் இதுதான். ஜப்பான் நாணயமான யென் ஏறுமா இறங்குமா என்று நாம் சொல்ல வேண்டும். ஒரு ரூபாய் கட்டினால் நூறு ரூபாய்க்கு வியாபாரம் செய்ய விடுவார்கள், லாபமும் நூறு ரூபாய்க்கு உண்டான லாபம். நஷ்டமும் அப்படித்தான் என்பதை மேனேஜர் கொஞ்சம் மெல்லிய குரலில் சொன்னான். ஏ.சி. இரைச்சலில் அது எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது என் மனைவி சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தலை நிமிராமல் கேட்டாள்.

“காசு போச்சுன்னா ஆரிட்ட போயி கேப்பிய?”

“லைசென்ஸ் குடுத்த கமிஷன் உண்டு.”

“அது எங்க இருக்கு?”

“தீவுல.”

“தீவு எங்க இருக்கு?”

பிள்ளையின் பள்ளிக்கூட அட்லஸை எடுத்துவந்து விரித்தேன். கடல் கடலாகத் தேடினேன். பிள்ளையும் கூட உட்கார்ந்து தேடியது. கிடைக்கவில்லை.

“இந்த அட்லஸ் பழசாக்கும்,” என்றேன்.

“ஏன், தீவு இப்பம் முளைச்சதா?” என்று கேட்டுவிட்டு அவள் சாளைச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆங்கிலம் தெரியாதவள் என்று மனதுக்குள் திட்டினேன், பதில் சொல்ல முடியாத கோபம்தான். அன்று சாயங்காலமே அக்காவுக்குக் கடிதம் எழுதினேன், மூன்று பக்கம். தங்க முத்திரையைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் இருக்கும். அவளிடமிருந்து வந்த பதில் நாலு வரி. ‘நீ பார்த்துச் செய் மக்கா. உனக்குத் தெரியாத காகிதமா?’

பேங்கில் கிடந்ததை முழுக்க எடுத்து மாடியில் கொண்டுபோய்க் கட்டினேன்.

அதன்பிறகு பாறசாலையில் யென்னைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. ரப்பர் விலையும் மரச்சீனி விலையும் பேசிக்கொண்டிருந்த டீக்கடையில், ஜப்பான்காரன் வட்டியைக் குறைப்பானா மாட்டானா என்று சண்டை நடந்தது. ஜப்பானில் எவனாவது தும்மினால் எங்கள் டிரைவர் அண்ணன் கவலைப்பட்டார். சனிக்கிழமைதோறும் கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வரும், அதில் பணம் வளர்ந்திருக்கும். அண்ணன் ஒருமுறை கொஞ்சம் லாபத்தைக் கேட்டுப் பார்த்தார், மறுநாளே கையில் கொடுத்தார்கள். அவர் அதில் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கி முன்னறையில் வைத்து, மேலே பூப்போட்ட துணியும் விரித்தார். அந்த ஃப்ரிட்ஜைப் பார்க்க வந்தவர்கள் அப்படியே மாடி ஏறினார்கள். தங்க முத்திரை கொண்டுவந்து சேர்த்த ஆட்களைவிட அந்த ஃப்ரிட்ஜ் கொண்டுவந்தவர்கள்தான் அதிகம்.

நானும் வாரந்தோறும் அக்காவுக்கு எழுதினேன். இரண்டு வருடம் வேண்டாம், ஒன்று போதும் என்று எழுதினேன். பிறகு அந்த ஒன்றும் வேண்டாம், இந்தக் கான்ட்ராக்ட் முடிந்ததும் வந்துவிடு என்று எழுதினேன். அவள் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டாள், இனிப் புதுப்பிக்கப் போவதில்லை என்று. பிள்ளை அடுக்களைக் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தது. அந்தக் காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் நான் மார்பை நிமிர்த்திக்கொள்வேன்.

காலண்டரில் இரண்டு மாதம் மிச்சம் இருந்தபோது மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். யென் திரும்பிவிட்டது, உடனே மேலும் பணம் கட்டாவிட்டால் கணக்கு தானாகவே மூடிக்கொள்ளும், இருந்ததும் போகும் என்றான். என்னிடம் ஆறு டைப்ரைட்டர் இருந்தன. ஐந்தை விற்றுக் கொண்டுபோய்க் கட்டினேன். பழைய கனத்த மெஷின் ஒன்றை யாரும் வாங்க வராததால் அது மிஞ்சியது. இரண்டாம் நாள் கணக்கு மூடிவிட்டது என்று தட்டச்சில் ஒரு காகிதம் வந்தது. எந்த விலையில் மூடியது என்றும் அதில் போட்டிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. வாசகசாலைக்குப் போய் அந்த வாரத்து ஆங்கிலப் பேப்பர்களை எடுத்து யென் விலையைப் பார்த்தேன். காகிதத்தில் போட்டிருந்த விலைக்கு யென் அந்த வாரம் முழுக்கப் பக்கத்தில்கூடப் போகவில்லை. அது அந்த நாலு கம்ப்யூட்டருக்குள் மட்டும் நடந்த வீழ்ச்சி. ஜப்பான்காரனுக்கே தெரியாத யென் அது. பேப்பர்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கதவு திறந்துதான் கிடந்தது. முந்தின நாளே ஏ.சி.யைக் கழற்றிக்கொண்டு போய்விட்டதாகக் கீழே குலைக் கடைக்காரர் சொன்னார்.

கம்ப்யூட்டர் இல்லை, நாற்காலிகள் இல்லை, தரைக் கம்பளத்தைக்கூட உரித்துச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். லைசென்ஸை மட்டும் சுவரில் அப்படியே விட்டிருந்தார்கள். அவர்கள் சொத்தில் எது விலை போகும், எது போகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் அதைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதல்முறையாக அடிப்பக்கம் வரை வாசித்தேன். கம்பெனியின் விலாசம் ஒரு கட்டடம், மூன்றாம் மாடி, ஒரு தபால்பெட்டி எண். லைசென்ஸ் கொடுத்த கமிஷனின் விலாசமும் அதே கட்டடம், அதே மூன்றாம் மாடி, அதே தபால்பெட்டி. பிள்ளைகள் பாஸ்போர்ட் ஃபாரத்தில் தற்கால விலாசமும் நிரந்தர விலாசமும் ஒன்றாக எழுதினால் கவனி கவனி என்று கத்துகிற ஆள் நான். அந்த மாடியில் நின்று எனக்கு அழுகை வந்தது. அக்காவை நினைத்து வந்த அழுகைதான், ஆனால் அதில் பாதி என் பேருக்காகவும் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நானும் டிரைவர் அண்ணனும் போலீசுக்குப் போனோம். இந்தப் பக்கத்து அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், ரூபாயைக் கொடுத்து டாலர் வியாபாரம் செய்ய உங்களுக்கு யார் அனுமதி தந்தது என்றார். புகார் எழுதினால் பிடிபட வேண்டியவர்களில் முதல் ஆள் நான்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. மேனேஜர் கல்லுக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையில்தான் வாடகைக்கு இருந்தான், அங்கே போங்கள் என்றும் சொன்னார். அங்கே போனோம். கம்பெனி போர்டு கேரளத்தில் தொங்கியது, எங்களுக்கு என்ன என்றார்கள் அவர்கள். இது எங்கள் பக்கம் இல்லை என்று நாங்கள் இவர்கள் இரண்டு பேரிடமும் எத்தனை முறை சொல்லியிருப்போம்! இப்போது அவர்கள் எங்களிடம் சொன்னார்கள்.

மிச்சமிருந்தது தீவு. மிஞ்சிய மெஷினில் நான் அடித்ததிலேயே நல்ல கடிதத்தை அந்தக் கமிஷனுக்கு அடித்தேன், ஒரு எழுத்துப் பிழை கிடையாது. தபாலாபீசில் ஸ்டாம்ப் எவ்வளவு ஒட்டுவது என்று கேட்டதற்கு, அங்கிருந்தவர் தடிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

“இங்ஙனெ ஒரு ராஜ்யம் உண்டோ சாரே?” என்றார்.

அப்படியொரு நாடு உண்டு என்று ஆணித்தரமாகச் சொன்னேன். வேறு என்ன சொல்வது? பணமெல்லாம் அங்கேதான் இருந்தது.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. அப்படியொரு காகிதத்தை நான் தொட்டதில்லை, தடித்து வழவழவென்று இருந்தது. மேலே அதே தங்க முத்திரை. ஊரில் பணம் கட்டியவர்கள் எல்லாரும் இன்ஸ்டிட்யூட்டில் கூடினார்கள். லைசென்ஸை வாசித்த அதே வாயால் இதையும் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். கம்பெனி வருடக் கட்டணம் செலுத்தாததால் அதன் பதிவு காலாவதியாகிவிட்டது. அதை நடத்தியவர்களின் பெயரை வெளியிட எங்கள் சட்டம் அனுமதிப்பதில்லை. எங்கள் தீவில் வசிப்பவர்களோடு தொழில் செய்யக் கூடாது என்பதே நாங்கள் விதித்த நிபந்தனை, விண்ணப்பதாரர் இத்தீவில் வசிப்பவர் அல்ல என்பதால் நிபந்தனை எதுவும் மீறப்படவில்லை. எங்கள் குடிமக்கள் ஒருவருக்கும் பாதிப்பில்லை என்பதைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சி. இருந்தும் புகாரைப் பதிவுசெய்ய விரும்பினால் அதற்குரிய கட்டணத்தை டாலரில் அனுப்பவும்.

டிரைவர் அண்ணன்தான் மெதுவாகக் கேட்டார்.

“அப்பம் சாரே, அந்த றாலு நாமதானா?”

ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்துபோகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதன்பிறகு என் முன்னால் அவர் றால் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் நடந்தும் அக்காவுக்கு நான் எழுதவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் எதற்கு? கடிதம் எழுத மெஷினில் காகிதத்தைச் செருகுவேன், உருவுவேன். காலண்டரில் பிள்ளை கடைசி நாளையும் அடித்துவிட்டது.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஜீப் பிடித்துப் போனோம். அக்கா நாலு பெரிய அட்டைப்பெட்டிகளோடு வந்தாள், எல்லாம் மஞ்சள் கயிற்றால் இறுக்கிக் கட்டியவை. வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்து ஒவ்வொரு கயிறாகத் தானே அறுத்தாள்.

“இனி கட்ட கயிறு வேண்டாம் மக்கா,” என்றாள். “பெட்டிய அடுப்பில வச்சிரு.”

பிள்ளை வழக்கம்போல முதலில் கதவோரத்தில் நின்றது. அக்கா அதனிடம், இனி நான் போகமாட்டேன், இங்கேதான் உண்டு என்றாள். மறுநாள் காலையில் பிள்ளை அவளை ‘அம்மா’ என்று கூப்பிட்டது. என் மனைவி அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், ஆனாலும் சிரித்தாள்.

மூன்றாம் நாள் அக்கா, கடைமுறியைப் பார்க்க நெய்யாற்றின்கரைக்குப் போகலாமா என்றாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். அப்போதே, வீட்டு முற்றத்தில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன். யென், லைசென்ஸ், தீவு என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

“பிள்ளைக்குத் தெரியுமா?” என்றாள் முடிவில்.

“இல்ல.”

உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு, கழுவாமல் கிடந்த பாத்திரங்களை எல்லாம் கழுவினாள். கழுவியதையும் மறுபடி கழுவினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“நீ இன்ஸ்டிட்யூட்டுக்கு எப்பம் போவ? நானும் வாறேன்.”

அங்கே வந்து, காலியான ஐந்து மேசைகளையும் ஒருமுறை பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்து நீட்டினாள். கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் ஃபாரம். புறப்படும்போது ஆஸ்பத்திரியில் கையில் கொடுத்து, மனம் மாறினால் ஒரு மாதத்துக்குள் அனுப்பு என்று சொல்லியிருந்தார்களாம். கிழித்துப் போடலாம் என்று நினைத்து மறந்துவிட்டாளாம்.

“டைப் அடி மக்கா.”

“அக்கா, வேற வழி பாக்கலாம்...”

“அடிலே. இங்கிலீஷ் படிச்சவன் நீதான?”

மிஞ்சியிருந்த அந்தப் பழைய மெஷினில் ஃபாரத்தைச் செருகினேன். பெயர், வயது, பாஸ்போர்ட் எண் எல்லாம் எனக்கு மனப்பாடம். எத்தனை வருடம் என்ற இடம் வந்ததும் விரல் நின்றது. நாலு என்றாள். நாலு என்று அடித்தேன். அதற்குள் பிள்ளை பள்ளிக்கூடத்தையே முடித்திருக்கும். ஃபாரத்தின் அடியில் பொடி எழுத்தில் நிறைய நிபந்தனைகள் இருந்தன. அவற்றை ஒன்று விடாமல் உரக்க வாசித்து அவளுக்கு அர்த்தம் சொன்னேன். இடம் மாற்றினால் போக வேண்டும், இரவு டூட்டி மறுக்கக் கூடாது, நடுவில் விட்டால் டிக்கெட் கிடையாது.

அக்கா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டிருந்தாள். “இப்பம் எல்லாத்தையும் வாசிக்கே,” என்றாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எதிர்த்து ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கையெழுத்துப் போட்டாள், நான் உறையில் விலாசம் அடித்தேன்.

வீட்டுக்கு வந்து அவளே பிள்ளையைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, போக வேண்டியிருக்கிறது என்று சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை, என் பெயரை எடுக்கவில்லை. பிள்ளை அழும் என்று நாங்கள் எல்லாரும் தயாராக நின்றோம். அது அழவில்லை. எழுந்துபோய், அடுப்புக்குப் பக்கத்தில் மடக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளை எண்ணிப் பார்த்தது. பிறகு என் மனைவியிடம் போய்க் கேட்டது.

“அம்மா, கல்ஃப் அம்மாவுக்கு எத்தன மணிக்காக்கும் பிளேன்?”